கேட்டதாகத் தலையாட்டியவர்கள்

ஆணித் தொழிற்சாலையின் காது சோதனை அறை பன்னிரண்டாம் வருடம் நிரம்பிவிட்டது, அதன் பிறகு கதவு சாத்த வரவில்லை. உள்ளே இருந்தது ஒரு முக்காலி, ஒரு ஹெட்போன். பஞ்சு ஒட்டிய சுவர்கள், சாண் அகலத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஓர் ஆள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற இடம், அவ்வளவே. ஆனாலும் கதவைத் தள்ளினால் மெத்தையைத் தள்ளியதுபோல் திரும்பி வந்தது. லோடு ஏற்றுகிற மூன்று பேர் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். தச்சர் வந்து, மரம் ஊதியிருக்கிறது என்று சொல்லி நிலையை இழைத்துவிட்டுப் போனார். மறுநாள் கதவு இன்னும் ஒரு விரற்கடை அதிகமாகத் திறந்து நின்றது. கடைசியில் அதை அப்படியே விட்டு, ஆடாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

அறையில் நிரம்பியிருந்தது சத்தம். காதில் விழாத சத்தத்தைக் கேட்டதாக ஒருவர் ஒப்புக்கொண்டால், அது போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிடும். இது எங்கேயும் நடப்பதுதான். ஒரு வீட்டில் ஒன்றிரண்டு தங்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தொழிற்சாலையில் நாற்பத்தொரு பேரில் பெரும்பாலோர் பதினோரு வருடமாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மூன்று நாள், ஒரு வேனில் சோதனைக் கருவியோடு ஒரு பெண் வருவார். அவரைப் பீப் அக்கா என்பார்கள். ஆளை அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே நின்று பட்டனை அழுத்துவார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பொறுமையான பெண், வேலையில் சுத்தம், யாரையும் அவசரப்படுத்தமாட்டார். ஒரே ஒரு பழக்கம், அதுவும் அவருக்கே தெரியாதது: பட்டனை அழுத்தும்போதெல்லாம் அவருடைய முகவாய் கொஞ்சம் இறங்கும். இடது காதுக்கு என்றால் இடது பக்கமாக, வலது காதுக்கு என்றால் வலது பக்கமாக. முதல் வருடமே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாள் கையுறை எங்கே, கழிவறை எங்கே என்று காட்டும்போதே முகவாயையும் சொல்லிக்கொடுத்தார்கள். சோதனையில் தோற்றால் மிஷினிலிருந்து இறக்கி கோடவுனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கோடவுனில் அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை.

ஆணிக்குக் கொண்டை வைக்கிற மிஷினில் நின்றவரை எல்லோரும் கொண்டைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மனைவிக்கு வேலை அடுத்த கூடத்தில், ஆணிகளை மரத்தூளோடு போட்டு உருட்டிப் பளபளப்பாக்குகிற டிரம்களில். கொண்டை வைக்கிற மிஷின் காதுக்குள் அடிக்கும், டிரம் காதுக்குள் அரைக்கும். முதலில் போவது மெல்லிய கீச்சு ஒலிகள்: குருவி, குக்கர் விசில், கதவு மணி. அப்புறம் பேச்சிலிருந்து ஓரங்கள் உதிரும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இருவருக்கும் இது ஒரே காலத்தில் நடந்தது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்தார்கள். அவள் சொல்வதற்கு அவர் தலையாட்டினார், அவர் சொல்வதற்கு அவள் சிரித்தாள். சொன்ன வார்த்தைகள் அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தன. இருவரும் தொண்டை கிழியப் பேசுவதைக் கேட்ட கீழ்வீட்டுக்காரர்கள், சண்டை ஓயாத குடும்பம் என்று நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் சண்டையே போட்டதில்லை, சண்டைக்குக்கூட அடுத்தவர் சொல்வது கேட்க வேண்டுமே.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பத்தொன்பது மாதம். சூட்டிகையான குழந்தை என்று இருவருக்கும் பெருமை, கூப்பிட்டால் உடனே திரும்புவாள் என்பார்கள். மிஷின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் தொழிற்சாலையில் ஒருவரை அழைக்கத் தரையைக் காலால் தட்டுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. மாடி வீடு, பலகைத் தரை. இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டுவார்கள், குழந்தை திரும்பும். இன்னும் பேச்சு வரவில்லையே என்று யாராவது கேட்டால், இருவருமே பிள்ளையில் லேட்டாகப் பேசியவர்கள்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் வருடம், சோதனை நாளுக்கு ஒரு மாதம் முன்பு, மனைவியின் தங்கை வந்து சேர்ந்தாள். தையல்காரி. இந்தத் தெருவில் ஒரு கடை பிடிக்கும்வரை அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. முதல் நாளே அவளுக்குத் தலை சுற்றியது. அலமாரியைத் திறந்தால் போன வருடத்துக் கதவு மணி அடித்தது. தலையணையை உதறினால், பால் பொங்குது பாரு என்று அக்காவின் குரல் விழுந்தது. பீரோவுக்குப் பின்னால் மாமா யாரிடமோ குடையைக் கேட்டுக்கொண்டே இருந்தார், அவரோ அப்போது தொழிற்சாலையில் இருந்தார். தங்கை அதிகம் அலட்டிக்கொள்கிற ரகமில்லை. துணியில் பொட்டலம் கட்டுவதுபோல் கிடைத்த வார்த்தைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தையல் மிஷினைப் போட்டாள். அவளைக் கலங்கடித்தது வேறு. நாலாவது நாள் அவள் கையிலிருந்து ஒரு சில்வர் மூடி ஜன்னல் திண்டில் விழுந்து கணகணத்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குழந்தை திரும்பவில்லை. இன்னொரு மூடியை எடுத்து வேண்டுமென்றே தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கை தட்டினாள். பிறகு குதிகாலால் தரையை லேசாகத் தட்டினாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அன்று சாயங்காலமே அக்காவை உட்காரவைத்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள். அக்கா நம்பவில்லை. மாமா, குழந்தைக்கு விளையாட்டில் கவனம் என்றார். ஆனால் அதன் பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தாய் ஒரு நாளைக்கு நாற்பது தடவை குழந்தையின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். கூப்பிடுவாள், குழந்தை திரும்பாது, ஒருவேளை மெதுவாகக் கூப்பிட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வரும். தன் குரல் எவ்வளவு பெரியது என்பதே அவளுக்குத் தெரியாது. வருடச் சோதனையின்போது வேலைக்காரர்களின் பிள்ளைகளையும் பார்ப்பார்கள், பீப் அக்கா பார்த்துச் சொல்லட்டும் என்று தீர்மானித்தார்கள்.

முதல் நாள் காலையிலேயே குழந்தையைக் கொண்டுபோனார்கள். அறையில் இடம் இல்லாததால் கதவு திறந்தபடியே, வாசலில் முக்காலியைப் போட்டு, தாய் மடியில் குழந்தை உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பீப் அக்கா பட்டனை அழுத்தினார், குழந்தை இடது பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினார், வலது பக்கம். பத்தில் எட்டுக்குத் திரும்பியது. பீப் அக்கா சிரித்து, குறை ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார். தாய் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

கொண்டைக்காரர் எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பீப் அக்காவின் முகவாய் இடது பக்கம் இறங்கும்போது, மனைவியின் இடது கை விரல், பதினோரு வருடப் பழக்கத்தில், தானாக எழுந்து குழந்தையின் விலாவைத் தொட்டதை அவர் பார்த்தார். வலது பக்கம் இறங்கும்போது வலது விரல். அவளுக்கு அது தெரியாது. குழந்தை விரலுக்குத் திரும்பியது.

பார்த்ததைச் சொன்னால் முகவாயைச் சொல்ல வேண்டும். முகவாயைச் சொன்னால் நாற்பத்தொரு பேரின் கதையும் கந்தலாகும். தன் மிஷின் போகும், மனைவியின் டிரம் போகும், நண்பர்களின் முகத்தில் விழிக்க முடியாது. அன்று முழுக்க அவர் மிஷினில் நின்றார். மறுநாளும் நின்றார். வீட்டில் மனைவி பாத்திரம் கழுவும்போது பாடினாள், அவள் பாடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கை மட்டும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தையே பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் அவர் மிஷினிலிருந்து ஒரு பெட்டி நிறைய கொண்டை இல்லாத ஆணிகள் வந்தன. சூப்பர்வைசர் ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அவர் அந்த ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிஷினை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார்.

பீப் அக்கா வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், என் குழந்தைக்குக் காது கேக்கல. எனக்கும் கேக்கல. எங்க யாருக்குமே கேக்கல," என்றார் கொண்டைக்காரர். "நீங்க பட்டன் அழுத்தறப்ப உங்க முகவாய் இறங்கும். அதைப் பாத்துதான் இத்தனை வருஷமா விரலைத் தூக்கறோம். குழந்தை அவங்கம்மா விரலுக்குத் திரும்புச்சு."

பீப் அக்கா முகவாயைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போது சாப்பாட்டு மணி, மிஷின்கள் எல்லாம் நின்றன. வழக்கமாக அந்த நேரம் அவர் வேனில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்று நேராகச் சோதனை அறைக்குப் போய், கயிற்றை அவிழ்த்துத் தலையை உள்ளே விட்டார். பதினோரு வருடத்து பீப்கள் உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, புத்தம் புதிதாக, குழந்தைக்காக அவர் போட்ட எட்டுச் சத்தங்கள். தொடப்படாமல் கிடந்தன. அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையில் யார் முகவாயும் யார் விரலும் எடுபடாது. காதுக்குள் சீழோ நீரோ கோத்திருந்தால் வடித்துவிடலாம், இது அப்படியில்லை, உள்காதிலேயே குறை, இரண்டு பக்கமும், என்றார் டாக்டர். கர்ப்பத்தில் ஆறு மாதம்வரை டிரம் பக்கத்தில் நின்றேனே, அதனாலா என்று தாய் கேட்டாள். பிறந்த வாரத்தில் வந்த காய்ச்சலாகவும் இருக்கலாம், அதற்குப் போட்ட ஊசியாகவும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் வரும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அந்த உறுதியில்லாத பதிலை அவள் பல வருடம் சுமந்தாள். காதுக்கு மிஷின் மாட்டி, தினமும் உட்கார்ந்து பேசிப் பழக்க வேண்டும், அது போதாவிட்டால் அடுத்து ஆபரேஷன் இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

"இப்பவாவது வந்தீங்களே," என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா பேச்சு வர்றதே பெரும்பாடு."

தொழிற்சாலையில் மறுபடி சோதனை நடந்தது, இந்த முறை பீப் அக்காவின் முகத்துக்கு முன்னால் ஒரு அட்டையைக் கட்டிக்கொண்டு. நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர், கேக்கல, கேக்கல என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவரவர் சத்தம் அறையிலிருந்து கிளம்பிப் போயிற்று. மூன்றாம் நாள் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காதுக்குள் ஒலியை வாங்குகிற மயிரிழை உதிர்ந்தால் மறுபடி முளைக்காது, போனது போனதுதான் என்றாலும், மிச்சத்தைக் காப்பாற்ற எல்லோருக்கும் காது மூடி கொடுத்தார்கள். முப்பத்தாறு பேரையும் இறக்கினால் மிஷின்கள் நின்றுவிடும் என்று, கொண்டைக்காரரை மட்டும் கோடவுனுக்கு மாற்றினார்கள். மழைக்காலம் முழுக்க நண்பர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது என்பதால் பாதி நாள் அவருக்கு அது உறைக்கவில்லை, மீதி நாள் நன்றாகவே உறைத்தது.

வீட்டிலும் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் தரையில் உட்கார, தங்கை ஒவ்வொரு மூலையாகக் கேட்டு, தங்கியிருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அது எனக்குக் கேக்கல என்று உரியவர் ஒப்புக்கொண்டதும் வார்த்தை ஜன்னல் வழியாகப் போனது. இரண்டு மூன்று இடங்களில் அவர்கள் சிரித்தார்கள். ஓரிடத்தில் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டுச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தாள்.

காது மிஷின் வந்து பத்து நாள் ஆகியும் குழந்தை எதற்கும் திரும்பவில்லை. பழக நாளாகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் வீட்டில் மூவரும் குழந்தையின் பின்னந்தலையையே பார்த்தபடி இருந்தார்கள். பதினோராம் நாள் மத்தியானம், யாரும் பேசாமல் இருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த குழந்தை கையை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. கட்டிலுக்கு அடியில், பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்த பழைய துண்டு இருந்த பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. யாரும் தரையைத் தட்டவில்லை. தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் கேட்கவில்லை. தங்கைக்குக் கேட்டது, அவள் முகம் மாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் துண்டின் மடிப்புக்குள் வந்து, மற்றதெல்லாம் போன பிறகு அடியில் மிஞ்சியிருந்த வார்த்தை அது.

பழைய நாளாக இருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். இப்போது, "எனக்குக் கேக்கல. என்ன அது?" என்றார்.

தங்கை சேலைத் தலைப்பை முறுக்கினாள். "நர்ஸ் குரல் மாமா. பாப்பா பொறந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது. 'காய்ச்சல் வந்த குழந்தை, ஒரு மாசத்துக்குள்ள காது டெஸ்ட் பண்ணிடுங்க, மறந்துடாதீங்க'ங்கறாங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த நர்ஸின் முகமும், அவர் உதடு அசைந்ததும், தான் பெரிதாகத் தலையாட்டியதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் பார்வை கட்டிலடியிலிருந்து மெதுவாக எழுந்து, சுவரோரமாக நகர்ந்து, தையல் மிஷினைத் தாண்டி, ஜன்னலில் போய்க் கொஞ்சம் நின்று, பிறகு விளையாட்டுச் சாமானுக்குத் திரும்பியது. அதன் தலை போன வழியைப் பார்த்து, வார்த்தை போய்விட்டது என்று இருவரும் தெரிந்துகொண்டார்கள். தாய் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தைக்குப் பால் காய்ச்சப் போனாள்.