‘வரேன்’ இல்லாத ஒரு வாக்கியம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிளெக்ஸ்: ‘வாரியச் சான்றிதழ் பெற்ற ஆலோசனை உலவியலாளர் வெற்றிச்செல்வி அவர்களுக்கு வாழ்த்துகள்!’ உளவியலாளரை உலவுகிறவர் ஆக்கிவிட்டார்கள். கீழே, ‘இவண்: அரியமுத்து, லாரி ஓட்டுநர், மீன்சுருட்டி’ என்று ஒரு செல் நம்பர். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பிழையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மனுஷன் ஒரு மணி நேரம் பேசினார்.

வெற்றிச்செல்வியிடம் கேட்டதற்குச் சான்றிதழ்த் தேர்வைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். “அவரப் பத்தி அவருதாங்க சொல்லணும்” என்றாள்.

2.

முதல் தொடக்கம்: பெரம்பலூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வெற்றிச்செல்வி—

வேண்டாம். பெரம்பலூரில் மழை என்றால் எவன் நம்புவான்!

நேராகவே வருகிறேன். பெரம்பலூர்க்காரி வெற்றிச்செல்வி. அரியலூரில் ஒரு மாடியறையில் மனநல ஆலோசகர். தொழில்முறை வாரியத்தின் சான்றிதழ் வேண்டுமானால், வந்தவரின் ஒப்புதலோடு ஓர் அமர்வைப் பதிவு செய்து, பெயரை மறைத்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு தேர்வாளர்கள் முன் நேர்காணல். இரண்டே வாய்ப்பு. முதலாவதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: இந்த வாரியமும் அதன் விதிகளும் என் கற்பனை. தேடி அலையாதீர்கள்.)

அவள் அனுப்பியது அரியமுத்துவின் ஏழாவது அமர்வு. மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. “சாகணும்னு தோணுதாண்ணே?” என்று கேட்டாள். “இல்லைங்க.” எப்படிச் சுற்றிக் கேட்டாலும் அதே இல்லைங்க. நேரம் முடிந்து எழுந்து போனார். அவள் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். செருப்புகூடப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி ஓடி, புறப்படவிருந்த பஸ்ஸில் ஏறி, அவரைக் கீழே இறக்கிவிட்டாள்.

‘ஆதாரமே இல்லாமல் வந்தவரைத் துரத்திப் போனது ஏன்? எல்லை மீறல் இல்லையா?’ என்று முதல் நேர்காணலில் கேட்டார்கள். பயத்தில் “தப்புதான் சார்” என்று சொல்லித் தொலைத்தாள். போச்சு.

இரண்டாவது தடவைக்கும் அதே அமர்வைத்தான் எடுத்து வைத்தாள். தோழி சண்முகப்பிரியா கத்தினாள்:

“ஏண்டி, தெரிஞ்சே போயி கெணத்துல விழுவியா? வேற எதையாச்சும் அனுப்பு.”

“நான் ஓடினது தப்பில்லடி. தப்புன்னு சொன்னேன் பாரு, அதான் தப்பு.”

3.

தேர்வாளர் வைத்திலிங்கத்தை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. முறுக்கு மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டாவது நேர்காணலில் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“கடைசி வரி ‘ஐ ஆம் லீவிங்’னு இருக்கு. இதுல ஆபத்து எங்கம்மா இருக்கு?”

“இங்கிலீஷ்ல இல்லைங்க சார். அவரு சொன்னது, ‘அப்ப போறேங்க’.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“சார், இன்னிக்குக் காலைல வூட்ட விட்டுக் கெளம்பறப்ப என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

தேர்வாளரையே கேள்வி கேட்பதா! பக்கத்திலிருந்த இன்னொரு தேர்வாளர் லீலாவதி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“போயிட்டு வரேன்னு…” வைத்திலிங்கம் பாதியில் நின்றார்.

“ஆறு வாரமும் அவரு அதத்தான் சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு ‘வரேன்’ இல்ல. எங்க பக்கம் சாவு வூட்ல சொல்லிக்காம கெளம்புவோம். மத்தபடி யாரும் ‘போறேன்’னு சொல்லிட்டுப் போவ மாட்டாங்க. சின்னப் புள்ள சொன்னாலும் அதட்டுவோம். நான் கேட்டதுக்கெல்லாம் இல்லைன்னவரு, கதவுகிட்ட ஆமான்னு சொல்லிட்டுப் போனாரு சார். அதான் ஓடினேன். இன்னொரு தடவ நடந்தாலும் ஓடுவேன்.”

“பஸ்ல ஏறி என்ன சொன்னீங்க?” லீலாவதி மெதுவாகக் கேட்டார்.

“‘அண்ணே, வரேன்னு சொல்லிட்டுப் போங்க’ன்னேன். அவரால சொல்ல முடியலைங்க. அழுதுட்டாரு. அவங்க அக்காவ வரவழைச்சு, அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்.”

“இத ஏம்மா போன தடவ சொல்லல?” என்றார் வைத்திலிங்கம்.

தேறிவிட்டாள்! அதோடு, இனி எல்லாரும் மூலச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதி அனுப்ப வேண்டும் என்று வாரியம் விதியையே திருத்தியது. வெளியே வந்து தோழிக்குப் போன் போட்டுக் கூவினாள்: “கெணத்துல விழுந்துட்டேன்டி! தண்ணி என்னமா இருக்குங்கற!” எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது.

4.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுத்தாளன் புத்தி எங்கே போகும்? கதைக்குக் கனம் போதாது என்று தோன்றியது. ஆகவே அரியமுத்து ஒரு வருடம் கழித்து எப்படியோ இறந்து—

அனுமதி வாங்க வேண்டுமே என்று அதை அவருக்கே போனில் படித்துக் காட்டினேன்.

“ஏங்க, அந்தம்மா செருப்பில்லாம ஓடியாந்து எறக்கி வுட்டுச்சு. நீங்க உக்காந்த எடத்துலயே சாவடிக்கறீங்களே!” என்றார். பிறகு சிரித்தார். “ஞாயித்துக்கெழம எம் மவளுக்குக் காதுகுத்து. மேடத்தக் கூப்பிட்டேன், அதுக்கும் ஏதோ எல்லை இருக்காம், வரலைன்னுட்டாங்க. நீங்களாச்சும் வாங்க.”

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமை கிடையாது. முடிவில்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காது என்றால், நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவர் மீன்சுருட்டியில்தான் இருப்பார்.