சதுப்பில் போட்ட டயர் ரோடு

நான் செத்தால் எரிப்பதற்கென்று டயர் சேர்த்து வைத்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து மூன்றாவது பிரிவில் சிரிக்காத ஆளே கிடையாது. "என்னா வீரமுத்து அண்ணே, பாடைக்கு டயர் மாட்டி ஓட்டப் போறீங்களா?" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற இளவட்டங்கள் கேட்கும். போங்கடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்பேன்.

முந்தின வருஷ மழையில் என் பெண்சாதி முனியாயி போனாள். விடாத மழை. பால் மரக் கட்டையெல்லாம் ஊறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினோம், புகைந்ததே தவிர எரியவில்லை. அவசரகாலம் வேறு, வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்து அடைந்துவிட வேண்டும், வெளியில் ஆள் தெரிந்தால் சுட்டுவிடுவான். பாதியில் விட்டுவிட்டு வந்தோம். விடிந்ததும் போய் நான் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை. அடியில் இரண்டு பழைய டயர் போட்டிருந்தால் எந்த மழையிலும் நின்று எரிந்திருக்கும் என்று லாரி டிரைவர் அப்புறம் சொன்னார். முந்தின நாளே அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து சேர்த்தேன். தோட்டத்து லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவன் நான், அதனால் தேய்ந்த டயரை டிரைவர் எனக்கே தள்ளிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் அடுக்கி, மேலே தகரம் போட்டு மூடி வைத்தேன். காட்டுக்குள் இருக்கிறவர்கள் டயரை அறுத்துச் செருப்புத் தைத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. அதனால் காவலுக்கு இருந்த மலாய்க்காரக் கான்ஸ்டபிள் அடிக்கடி வந்து பார்ப்பான். இது யாருக்கு என்பான். எனக்கு என்பேன். எதற்கு என்பான். என்னை எரிக்க என்பேன். அவன் சின்னப் பையன், முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கேட்க மாட்டான்.

எங்களுடையது பலகைச் சுவர் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். எனக்கும் அடுத்த வீட்டு ராமாத்தாளுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை. அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான், திரும்பி வரவில்லை. ஜெயா என்று ஒரே மகள். விடியுமுன்னே ராமாத்தாள் அடுப்பு ஊதுகிற சத்தம், மகளைத் திட்டுகிற சத்தம், கோழியைத் திட்டுகிற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். மகளுக்கும் கோழிக்கும் வசவு ஒன்றுதான். முனியாயி போன பிறகு என் வீட்டில் நானாக வாயைத் திறந்தால்தான் பேச்சு. அதனால் அந்தப் பலகையை ஒட்டியே பாயைப் போட்டுக்கொண்டேன். தப்பாக நினைக்காதீர்கள். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். குழம்பு வைத்தால் பலகையைத் தட்டுவாள், "அண்ணே, கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாங்க" என்பாள். அந்தத் தட்டு கேட்காதா என்று நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததுண்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த வருஷம் எல்லாத் தோட்டங்களிலும் காட்டோரத்து லயங்களைப் பெயர்த்து, பெரிய ரோட்டோரம் கம்பிவேலிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்கு நம் அரிசி போய்விடக் கூடாதாம். எங்கள் பிரிவு லூபோக் சீனா ரோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே, காட்டை முட்டிக்கொண்டு கிடந்தது. எப்போது நம் முறை என்று எல்லோருக்கும் பயம். எனக்கு இரண்டு மடங்கு பயம். புது லயத்தில் வீடு சம்பளப் பட்டியலில், அதாவது செக்ரோலில், பேர் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான். இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷமே என் பேரை அடித்துவிட்டார்கள். நான் இருந்த வீடு முனியாயி பேரில் கொடுத்தது. அவள் போன பிறகும் கண்டக்டர் ஐயா கண்டும் காணாமல் விட்டிருந்தார். லயம் பெயர்ந்தால் நான் மலாக்கா டவுனில் நாதியற்ற கிழவர்களைப் போடுகிற விடுதிக்குப் போக வேண்டியதுதான்.

தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற அந்தக் கண்டக்டர் பேர் மரியதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர். ஒரு நாள் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"துரையோட கதைச்சனான். மழை காலத்திலயும் சதுப்புக்கு மேலால லொறி வந்து போகுமெண்டால், இஞ்சயே வேலி அடிச்சுக் காவல் போடலாமெண்டு சொல்லுறார். லொறி தாழுமெண்டால் எல்லாரும் போகத்தான் வேணும்."

அந்தச் சதுப்பு எங்கள் பிரிவுக்கு வருகிற வழியில் குறுக்கே கிடந்தது. கட்டை போட்டால் கட்டையை விழுங்கும், கல்லைக் கொட்டினால் கல்லை விழுங்கும். மரியதாசன் ஒரு யோசனை வைத்திருந்தார். பழைய டயரில் ஒரு பக்கச் சுவரை வட்டமாக அறுத்து எடுத்துவிட வேண்டும். சேற்றின் மேல் மூங்கிலைப் பரப்பி, அதன் மேல் டயர்களை நெருக்கி அடுக்கி, ஒன்றோடொன்று கம்பியால் கட்ட வேண்டும். உள்ளே செம்மண் சரளையைக் கொட்டி இடித்தால் மண் பக்கத்தில் பிதுங்க முடியாது, டயர் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து பாய் விரித்த மாதிரி சேற்றின் மேல் கிடக்கும். ஜப்பான் சண்டைக்குப் பிறகு பட்டாளத்து ஆட்கள் எங்கோ அப்படிப் போட்டதை அவர் பார்த்தாராம். தோட்டத்து ஸ்டோரில் கிடந்தது, லூபோக் சீனா பட்டறையில் கிடந்தது எல்லாம் வந்து இறங்கின. நடுவில் ஆழமான இடத்துக்கு மட்டும் போதவில்லை.

அவர் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"வீரமுத்து, உம்மட டயருகளைத் தாரும்."

"முடியாது ஐயா."

"என்ன மனுசன் நீர்? செத்தாப் பிறகு எரியிறதுக்கோ வைச்சிருக்கிறீர்?"

"ஆமா. ஒங்களுக்கென்ன, பெட்டியில வச்சுக் குழிக்குள்ள எறக்கிருவாங்க. மழ பேஞ்சா என்னா, வெயிலடிச்சா என்னா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பலகை தட்டவில்லை. ராமாத்தாளே வாசலில் வந்து நின்றாள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஏண்ணே, ஒங்களுக்கு அறிவு கிறிவு இருக்கா?"

"இருக்கிறதாலதான் சேத்து வச்சிருக்கேன்."

"முனியாயி அக்கா கதி வரக்கூடாதுன்னு பயப்படுறீங்க. புரியுதுலா. நாங்கல்லாம் போயிட்டா ஒங்கள எரிக்க யாரு வருவா? டயரு தானா உருண்டு வருமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "போ, போயி ஒன் கோழியப் பாரு" என்றேன். அவள் அசையவில்லை.

"ஜெயாவ விட்டுட்டு விடியக் கருக்கல்ல பால் வெட்டப் போறேனே, யார நம்பிப் போறேன்? பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருக்காருன்னுதானே போறேன்?"

அதுவரை அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. நான் எழுந்து பின்பக்கம் போய்த் தகரத்தைத் தூக்கி எறிந்தேன். முதல் டயரை உருட்டிக்கொண்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது.

அந்த வேலை நடந்த நாட்களைப் போல நாட்கள் என் ஆயுளில் ரொம்ப இல்லை. பால் வெட்டு முடிந்ததும் மொத்தப் பிரிவும் சதுப்புக்கு வந்துவிடும். ஆண்கள் டயரை அறுப்பார்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொண்டு விடாது. பெண்கள் கூடையில் சரளை சுமந்தார்கள். பிள்ளைகள் பால் வாளியில் சுமந்தார்கள். மலாய்க்காரக் கான்ஸ்டபிள்கூடத் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் கம்பி முறுக்கினான். என் டயர்கள் நட்டநடுவில், ஆழத்துக்கு மேலே உட்கார்ந்தன. "அண்ணே, மண்ணு போடுறதுக்கு முந்தி ஒரு தடவ படுத்துப் பாருங்க, அளவு சரியா இருக்கான்னு" என்று ஒரு பயல் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு சிரித்தேன். இடுப்பு வலி என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை.

வேலை முடிந்த மறுநாள் ராத்திரியெல்லாம் கொட்டு கொட்டென்று கொட்டியது. காலையில் பாரம் ஏற்றிய லாரி வந்தது. சதுப்பின் விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்ல ஏறியது. நடுவுக்கு வந்தபோது ரோடு லேசாக அமுங்கி ஆடியது. லாரி அப்படியே ஊர்ந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டது. டிரைவர் ஹாரனை அடித்த அடியில் மரத்துப் பறவையெல்லாம் கிளம்பியது. மரியதாசன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சந்தோஷத்தில் குழந்தை மாதிரி அழுதேன். அன்று ராமாத்தாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், பலகையைத் தட்டியபோது கிண்ணத்தோடு தயாராக நின்றேன். "இனிமே எங்கயும் போவேணாம்ணே" என்றாள். நானும் நம்பினேன்.

மழை காலம் முடிவதற்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஒரு காலையில் பட்டாளத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் ரோட்டில் வந்து லயத்து வாசலில் நின்றன. மரியதாசன் முன்னால் ஓடி வந்தார்.

"ஓடர் மேலயிருந்து வந்திட்டுது, வீரமுத்து. எல்லாரும் இண்டைக்கே போக வேணும். துரையும் கேட்டுப் பாத்தவர்."

"பின்ன என்ன மயித்துக்குய்யா ரோடு போட்டோம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "ரோட்டு நல்லா இருக்கிறதால எங்கட பிரிவை முதல்ல எடுக்கிறாங்களாம்" என்றார். பக்கத்துத் தோட்டத்தில் வழியெல்லாம் சேறு என்று, மழை முடியட்டும் என விட்டுவைத்திருந்தார்களாம். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழுவதா, கழுத்தை நெரிப்பதா என்று தெரியவில்லை.

சட்டி பானை, பாய், கோழி, சாமி படம் எல்லாம் வாசலுக்கு வந்தன. வெள்ளைக்கார ஆபீசர் ஒருவன் நின்றான். பக்கத்தில் டவுனிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஒருவன், கால்சட்டை போட்டவன், மொழிபெயர்க்க நின்றான். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு குடும்பமாக ஏறியது. ராமாத்தாள் முறை வந்தது. அவள் ஒரு கையில் ஜெயாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கண்ணே, ஏறுங்க."

பையன் குறுக்கே கையை நீட்டினான். "இவரு பேரு இல்லையே. இவரு ஒங்களுக்கு யாரு?"

"எங்க அண்ணன்."

"கூடப் பொறந்தவரா?"

"ஆமா" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஆபீசர் ஏதோ கேட்டான். பையன் அவளைப் பார்த்து, "ஒங்க அப்பா பேரு?" என்றான்.

"ராக்கப்பன்."

பையன் என் பக்கம் திரும்பினான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "ஒங்க அப்பா பேரச் சொல்லுங்க பெரியவரே. பாத்துச் சொல்லுங்க. பொய்யின்னு தெரிஞ்சா அந்தம்மாவையும் சேத்து உள்ள வச்சிருவாங்க" என்றான்.

ராக்கப்பன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் லாரியில் ஏறிவிடலாம். புது லயத்திலும் ஏதாவது ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கலாம். ராமாத்தாள் என் கையை நசுக்கினாள், சொல்லுங்க சொல்லுங்க என்கிற மாதிரி. ஜெயா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அம்மாவை உள்ளே வைத்துவிட்டால் இந்தப் பிள்ளை எங்கே போகும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தப் பேர்.

"கருப்பையா" என்றேன். அதுதான் என் அப்பா பேர்.

பையன் மூச்சை விட்டான். "தோட்டத்துப் பேச்சுல எல்லாரும் அண்ணன் தம்பின்னு சொல்லுவாங்க" என்கிற மாதிரி ஆபீசரிடம் இங்கிலீஷில் ஏதோ சமாளித்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை மறுநாள் ஜீப்பில் டவுன் விடுதிக்கு அனுப்புவார்களாம். ராமாத்தாள் என் கையை உதறினாள்.

"ஏண்ணே? அந்த ஒரு பேரு வாயில வரலையா ஒங்களுக்கு?"

ஜெயாவைத் தூக்கி லாரியில் விட்டேன். ராமாத்தாள் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயாதான் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

லாரிகள் கிளம்பின. கான்ஸ்டபிள் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, நான் அவற்றுக்குப் பின்னாலேயே சதுப்புவரை நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறி நின்றது. முதல் லாரி ரோட்டில் ஏறியது. முங்கித் தொலையேன் என்று வாய்விட்டே சொன்னேன். ஒன்றே ஒன்று, நடுவில் போய் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டால் போதும், எல்லோரையும் இறக்கித் திருப்பி அனுப்புவார்கள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் இன்னொரு வாரமாவது என் பக்கத்தில் இருப்பார்கள். தாயே, காளியாத்தா, ஒரே ஒரு கம்பியை அறுத்துவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டாவது ஏறியது. ராமாத்தாள் இருந்த லாரி ஏறியது. நடுவில் ரோடு அமுங்கியது, ஆடியது, தாங்கிக்கொண்டது. ஒரு லாரிகூட இறங்கவில்லை. கடைசி லாரியும் அந்தக் கரை ஏறிப் பால் மரங்களுக்குள் போய் மறைந்தது.

அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தோம்.