வேனுக்குப் புது ஸ்பீக்கர்

ஸ்கூல் வேனின் கதவில் ஸ்பீக்கரை மூடியிருக்கும் தட்டியை அவள் புருஷன் கழற்றுவது இது மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷர் கொஞ்சம் கண்ணயர்வார் என்று பார்த்தால், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வாரம் பூராவும் பிள்ளைகளை ஏற்றி இறக்கி அலுத்துப்போன உடம்பு. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் ஆரம்பித்த பைத்தியம் இது. டிவி சத்தம் மந்தமாக இருக்கிறது என்று பிளைவுட் வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஹாலுக்கு இடுப்பளவு இரண்டு பெட்டி செய்தார். அவர் அறுக்க, அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். வேலை சுத்தம், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் பாட்டைப் போட்டதும் அவளுக்குக் காதில் ஊசி இறங்கியது. அவரோ, "உள்ள துணி அடைச்ச மாதிரி இருக்கே" என்று முகத்தைச் சுளித்தார். கீச்சுச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கராம், ட்வீட்டராம், அதை மாற்றினார். மாற்றியதையும் மாற்றினார். அப்புறம் அந்தப் பித்து வேனுக்கு ஏறியது.

ஸ்பீக்கர் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒருநாள் வந்து பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, அவளை அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்லக்கா. மாமாவைக் காது டாக்டர்கிட்ட காட்டு."

அவளுக்கு வந்ததே கோபம். உன் கடைச் சாமான் மட்டம், பழியை அவர் தலையில் கட்டுகிறாயா என்று எகிறினாள். அவன் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். கோபம் எதற்கென்று அவளுக்கே தெரியும். காது போச்சு என்று வெளியே தெரிந்தால் மறுநாளே ஸ்கூலில் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். அதைவிட, 'வேன் மாமா, வேன் மாமா' என்று பிள்ளைகள் வந்து காலைக் கட்டிக்கொள்வது நின்றுபோனால் அந்த ஆள் உட்கார்ந்த இடத்திலேயே ஒடிந்துபோவார். அதனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை வரைக்கும். சாயங்காலம் எதிர்வீட்டுக் குட்டியை இறக்கிவிட்டு அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க அது வேனுக்குப் பின்னால் குனிந்தது. அதன் அம்மா அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வேன் மட்டும் நிற்கவில்லை. இவள்தான் ஓடிப்போய் வண்டியின் தகரத்தில் இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள். பிள்ளையின் தலைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது நின்றது. "எதுக்கு இப்படி அடிக்கிற, பெயின்ட் போயிடும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர், குழந்தையைப் பார்த்ததும் வெளிறிப்போனார். இவ்வளவு சத்தமாகப் பாட்டு வைத்தால் எப்படி அண்ணே காது கேட்கும் என்று அந்த அம்மா அழுதாள். ஆமாம்மா, எல்லாம் இந்தப் பாட்டால்தான் என்று இவள் முந்திக்கொண்டு சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்னதிலிருந்து அவள் எதிர்வீட்டுப் பக்கம் தலைவைத்துப் பார்க்கவில்லை.

விடிந்தால் திங்கட்கிழமை. அவள் வாசலுக்கு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"உங்களுக்குக் காது கேக்கலைங்க" என்றாள், எப்போதும் பேசுகிற குரலில்.

அவர் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சொன்னாள். அதற்கும் அவர் திரும்பவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவர் தட்டியை மாட்டிவிட்டு, சாவியைத் திருகிப் பாட்டைப் போட்டார். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டவரின் முகம் தொங்கிப்போனது. இதுவும் சரியில்லை, வேறுதான் வாங்க வேண்டும் என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார்.

அவள் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்க. நாளைக்கு நீங்க வண்டி எடுக்க வேணாம்."

அவர் அவளுடைய வாயையே உற்றுப் பார்த்தார். கையைப் பார்த்தார். இரு என்று சைகை காட்டிவிட்டு, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை எடுத்தார்.

"பாட்டை நிறுத்திட்டேன். இப்ப சொல்லு."

வேனுக்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், தணிந்து, ஒரு சொல்லும் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.