கவிழ்ந்த ரொட்டி

மாவட்டக் குழுவின் முடிவு நடைவழியிலேயே கைக்கு வந்துவிட்டது. புருல் அதை மூன்று முறை படித்தாள். ‘கட்டளையைப் புரிந்துகொள்ளவில்லை. கற்பிக்க இயலாதவர்.’ கீழே நான்கு கையெழுத்து. முத்திரையின் மை இன்னும் காயவில்லை.

காகிதம் மகள் செய்தேயைப் பற்றியது. அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஜன்னலுக்கு வெளியே நரின் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பிறந்தபோது மூச்சு முட்டியதில் கைகால் இறுகிப்போனவள். அவள் பேச்சு தாய்க்கு மட்டும்தான் விளங்கும். குழு ‘படிக்க முடியும்’ என்று எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வதாக ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். குழு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். போன வருடம் கணவாய் பனியில் மூடிப்போய் வர முடியவில்லை.

உள்ளே நடந்தது மொத்தம் பத்து நிமிடம். இளம் உளவியலாளர் மேசையில் நான்கு அட்டைகளை வைத்தாள்: பூட்ஸ், ஆப்பிள், கேரட், மேல்பக்கம் உப்பிய ரொட்டி. சேராததை எடு என்றாள். அட்டைகள் அவளுக்கு நேராக இருந்தன. எதிரே இருந்த செய்தேக்கு எல்லாமே தலைகீழ். புருல் வாய் திறந்தால் சோதனை செல்லாது என்று குழுத் தலைவி சைரா முன்பே சொல்லிச் சுவரோரம் உட்காரவைத்திருந்தாள். செய்தே பூட்ஸைத் தொடவில்லை. கை நடுங்கி நடுங்கி ரொட்டி அட்டைக்குப் போனது. தள்ளினாள், நழுவியது, விரல் முட்டியால் மறுபடி தள்ளினாள். முக்கால்வாசி திருப்புவதற்குள் அட்டைகளை வாரி எடுத்துவிட்டார்கள்.

மகள் என்ன செய்கிறாள் என்று புருலுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. எத்தனை வாசல்களில் இப்படி நின்றிருக்கிறாள். அடங்கி நின்றால் நல்லது நடக்கும் என்று எந்த மடையன் சொன்னான்?

நாற்காலியைத் திருப்பிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே தேநீர் நேரம். ஜாம், வெண்ணெய், நடுவில் பூ அச்சிட்ட வட்ட ரொட்டி. முடிவு பதிவாகிவிட்டது, அடுத்த வருடம் வரலாம் என்றாள் சைரா. பிறகு, யார் வந்தாலும் வாயில் வரும் வழக்கத்தில், “வந்தது வந்துட்ட, ரொட்டிய ஒரு வாய் பிட்டுப் போட்டுட்டுப் போம்மா,” என்றாள்.

புருல் ரொட்டியை எடுத்தாள். பிய்க்கவில்லை. பூப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

சைராவின் கை பாய்ந்தது. உளவியலாளரின் கையும் வந்தது. இரண்டும் ரொட்டியின்மேல் முட்டிக்கொண்டன.

“பைத்தியமா உனக்கு? ரொட்டிய யாராச்சும் கவுத்து வைப்பாங்களா? பாவமில்லையா?”

“எம் பொண்ணு முன்னாடி நீங்க வச்சீங்களேக்கா. அவளும் நிமித்தத்தான் பாத்தா. அதுக்குத்தான் இந்தக் காகிதம் குடுத்திருக்கீங்க. சந்தையில ஆடு வாங்குறவங்க வாலுக் கொழுப்பத் தடவிப் பாக்கவே இதவிட அதிக நேரம் எடுப்பாங்க.”

உளவியலாளரின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. பதிவு எண் போட்டாகிவிட்டதே என்று சைரா தொடங்கினாள். உளவியலாளர் அதைக் காதில் வாங்காமல் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, செய்தேயின் பக்கத்தில் நின்று நான்கு அட்டைகளையும் வைத்தாள். புருல் தானாகவே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

செய்தே முதலில் ரொட்டியைப் பார்த்தாள். நேராக இருந்தது. பிறகு அவள் கை புறப்பட்டது. போய்ச் சேர வெகு நேரம் ஆனது. பூட்ஸ் அட்டை மேசை விளிம்பு வரை நகர்ந்து தரையில் விழுந்தது.

சைரா புதிய படிவத்தை இழுத்தாள். எழுதிக்கொண்டே, தேநீர் ஊற்றிக்கொள்ளும்படி சொன்னாள்.

“மொதல்ல முத்திரைய வைங்க,” என்றாள் புருல்.

வைத்தாள். பிறகு சைரா, கிழித்துப் போடுவதற்காகப் பழைய காகிதத்தைக் கேட்டுக் கை நீட்டினாள்.

புருல் அதை நான்காக மடித்துக் கோட்டுக்குள் செருகினாள்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும். இவ வாசிக்கக் கத்துக்கிட்டு, மொதல்ல இதத்தான் வாசிக்கணும்.”