மாப்பிள்ளை உட்காரும் இடம்

கார் கம்பெனிக்காரர்கள் எழுதியதைப் போல அன்பான கடிதத்தை என் மனைவிகூட எனக்கு எழுதியதில்லை. முதல் பாராவில் நான் அவர்கள் குடும்பத்தில் ஒருவன். இரண்டாவது பாராவில் என் பாதுகாப்பை நினைத்து அவர்களுக்குத் தூக்கமே வருவதில்லை. மூன்றாவது பாராவில்தான் விஷயத்துக்கு வந்தார்கள்: ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக்கில் ஒரு சிறு குறை இருக்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சர்வீஸ் சென்டரில் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. கவுண்டரில் இருந்த பெண் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தும் ஃபோனைப் பார்த்தும் ஒரே சமயத்தில் சிரித்தாள்.

"அந்தச் சிறு குறை என்னம்மா?"

"லேசா ஒரு இடி பட்டாலே பை வெடிச்சிரும் சார். அப்ப உள்ள இருக்கற இரும்பு டப்பாவும் சேந்து உடைஞ்சு தெறிக்கும்."

"யார் மேல?"

"யார் உக்காந்திருக்காங்களோ அவங்க மேல சார்."

காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற குரலில்தான் இதையும் சொன்னாள்.

"சரி, மாத்திக் குடுங்க."

"புதுப் பை இன்னும் வரல சார். வந்ததும் மெசேஜ் வரும். அதுவரைக்கும் அந்த சீட்ல யாரையும் உக்கார வைக்காதீங்க."

"அப்ப இருக்கறதக் கழட்டியாவது விடுங்களேன்."

அவள் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "ஏர்பேக் இல்லாம வண்டிய வெளிய விட எங்களுக்கு அனுமதி இல்ல சார். பாதுகாப்பு இல்லையே."

வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே இருந்த வெடியோடு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சேவை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்கள். போட்டேன். கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத வம்சம் எங்களுடையது.

வேறு குடும்பமாக இருந்தால் இதைச் சின்னத் தொல்லையாக எடுத்துக்கொண்டு நாலு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். எங்களால் அப்படி முடியாது. ஏனென்றால் அந்த சீட் என் அக்காவின் கணவருடையது. வண்டி என் பேரில் இருக்கிறது, பெட்ரோல் நான் போடுகிறேன், ஆனால் அந்த சீட் மாமாவுடையது. தன் காலுக்குத் தகுந்தபடி அதைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் என்னை ஓட்டுவார். "இப்ப ஹார்ன் அடிச்சிருக்கலாம்" என்பார், ஆள் கடந்து போன பிறகு.

மாமா கோபக்காரர் இல்லை. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். தனக்கு மரியாதை குறைந்துவிட்டதாகத் தோன்றினால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். எங்களோடு இல்லை, அக்காவோடு. போன வருஷம் எங்கள் வீட்டில் அவருக்குக் காபி இரண்டாவதாகப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுக்க அக்கா ஒரு சுவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். சாப்பிட மட்டும் அவர் வாய் திறந்தார். அந்த நாட்களில் அவள் ஃபோன் பண்ணினால் குரல் தேய்ந்துபோய்க் கேட்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தாய்மாமன் மகனுக்குக் கல்யாணம் வந்தது. அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லோரும் என் வண்டியில் போவதாக ஏற்பாடு. அம்மாவிடம் ஏர்பேக் விஷயத்தைச் சொன்னேன்.

"மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை பின்கதவுல இறங்கினா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றாள்.

"ஸ்ட்ரெச்சர்ல இறக்கினா என்ன பேசுவாங்கம்மா?"

"வாயக் கழுவு. ஒண்ணும் ஆகாது, நீ பாத்து ஓட்டு. அவர்கிட்ட மூச்சு விட்ராத."

அம்மா கெட்டவள் இல்லை. மாப்பிள்ளைக்கு உயிர் போனால் அது விதி. மரியாதை போனால் அது நாங்கள் செய்தது. இந்தக் கணக்கு அவளுக்கு வெகு தெளிவாக இருந்தது.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு வாடகைக் கார் வச்சிருங்களேன்" என்றாள் என் மனைவி.

"சொந்தக் கார் வச்சிருக்கறவன் மாப்பிள்ளைய வாடகைக் கார்ல அனுப்புவானா?" என்றாள் அம்மா.

"அப்ப நான் பஸ்ல வந்துக்கறேன். பின்னாடி மூணு பேர் உக்காரலாம். யார் எங்கன்னு நீங்களே முட்டிக்கோங்க."

கல்யாணத்தன்று காலை சொன்னபடியே அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடையைக் கட்டினாள். மாமா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக வந்து முன்கதவைத் திறந்தார்.

"மாமா, பெரிய அதிகாரிங்கல்லாம் பின்னாடிதான் உக்கார்றாங்க" என்று ஐஸ் வைத்துப் பார்த்தேன். "முன்னாடி அவங்க உதவியாளுங்கதான்."

"அந்த மாதிரி பந்தாவெல்லாம் பாக்கற ஆள் நான் இல்லப்பா" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எதிரே, சரியாக அந்தப் பை இருக்கும் இடத்தில் விரல்களை வைத்துத் தாளம் போட்டார். "என்ன, கிளம்பலாமா?"

கண்ணாடியில் அம்மாவின் கண்கள் என்னை மிரட்டின. அவள் பக்கத்தில் அக்கா பரிசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருகப் பார்த்தேன், கை வரவில்லை. மனுஷனை எனக்குப் பிடிக்காதுதான், அதற்காக அவர் முகத்தில் இரும்பு தெறிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல மாமா கையை எடுத்தார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"முன்னாடி வெயில் ஜாஸ்தியா அடிக்குது" என்றார்.

சட்டையை நீவி விட்டுக்கொண்டு இறங்கினார், பின்னால் போய் ஏறினார். மரியாதை ஒரு துளிகூடச் சிந்தவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதற்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று சிரிப்புகூட வந்தது.

நடுவில் அம்மா, அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் மாமா. அவர் ஒருமுறை நெளிந்தார். இன்னொரு முறை நெளிந்தார்.

"நெருக்குது. சட்டை கசங்குது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீ முன்னாடி போய் உக்காரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

"போம்மா. அவருதான் சொல்றாருல்ல."

அக்கா பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். முன்னால் வந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மாமாவின் அளவுக்குத் தள்ளிய சீட்டில் அவள் ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள்.

நான் சாவியை உருவினேன்.

"அக்கா, இறங்கு."

"வண்டிய எடுடா" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நான் சொன்னது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. பை வெடிச்சாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும். நான் இப்ப இறங்கினா அவரு பேச மாட்டாரு. அது நிச்சயம்."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது, என்மேல்தான் அதிகமாக.

"இறங்குக்கா."

"நீ சொல்லிருவ, உனக்கென்ன. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் போறது நான்தான?"

"போக வேண்டாம்."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. "நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சுடா இது" என்று அம்மா பதறினாள். மாமா ஒன்றும் பேசவில்லை. ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். கடையில் துணியை விரலால் தேய்த்து, சாயம் போகுமா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சும்மா பேச்சுக்குச் சொல்லலியே?"

"இல்லக்கா."

"உன் பொண்டாட்டி?"

"அவ என்னைக்கோ சொன்னதத்தான் நான் இன்னிக்குச் சொல்றேன்."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள். நானும் இறங்கிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "வண்டிய யாரு ஓட்டப் போறாங்கன்னு கேளுங்க" என்று மாமா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. வீரம் ஒன்றும் இல்லை; திரும்பினால் போய் வண்டியை எடுத்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

அக்கா முன்னால் நடந்தாள். எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

தெருமுனையில் பஸ் இன்னும் வரவில்லை. என் மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல எனக்கு எந்த ரூம் குடுக்கப் போற?" என்று அவளிடம் கேட்டாள்.