சம்பந்திக்குக் கூடுதலாய் ஒரு பூச்சு

பேரன் பிறந்த சேதியோடு இன்னொரு சேதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. வலி எடுத்த பெண்ணைச் சம்பந்தி தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரனின் பயறு மூட்டை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாராம். கார் என்னவோ வாசலிலேயே நின்றதாம். முதல் சேதிக்கு ஜாங்கராச் அரை நாள் குதித்தார். இரண்டாவதை வைத்துக்கொண்டு, தொட்டில் விருந்துக்குச் சம்பந்தியின் ஊரான தலாஸுக்குக் கிளம்புகிற வரைக்கும் பொருமிக்கொண்டே இருந்தார்.

வழிநெடுகவும் அதே பேச்சுதான். வேனின் கூரையில் பேரனுக்கான தொட்டில் கட்டியிருந்தது. பக்கத்தில் மனைவி புருல்ச்சா மடியில் பலகார மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கணவாயில் பனி இன்னும் கரையவில்லை.

"அந்தக் கார நான் எப்படிச் செஞ்சு குடுத்தேன்! அதுல என் பொண்ணு ஏறக் கூடாதாம். சீட்டு அழுக்காயிடும்னு பயம் போல."

"அங்க போய் வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க" என்றாள் புருல்ச்சா. "நம்ம பொண்ணு அந்த வீட்லதான் இருக்கா. நீங்க குத்திட்டு வந்துருவீங்க, அவதான் அங்க கெடந்து கேக்கணும்."

"நான் ஒண்ணும் குத்த மாட்டேன். சும்மா, கார் சௌக்கியமான்னு கேப்பேன்."

"அதான் வேணாங்கறேன்."

அந்தக் காரின் கதை இது. ஜாங்கராச்சின் ஊரான காரா-பால்தாவில் துரு இல்லையென்றால் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. குளிர்காலம் முழுக்கக் கணவாய்ச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். மலை ஏறி இறங்குகிற வண்டியெல்லாம் வசந்தத்தில் அடி அரித்துப்போய் அந்த ஊர்ப் பட்டறைகளில் வந்து நிற்கும். ஜாங்கராச்சின் டிங்கரிங் பட்டறையும் அதில் ஒன்று. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், பெண் நூரிஸாவின் கல்யாணம் நிச்சயமானபோது, சம்பந்தி ஒரோஸாலியின் பழைய ஜெர்மன் காரும் அங்கே வந்தது. கதவுகளுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஓடுகிற உள்கூடான தகட்டுப் பெட்டியைப் படி என்பார்கள். இரண்டு பக்கப் படியும் உளுத்திருந்தன.

ஊர்க்காரன் வண்டி என்றால் ஜாங்கராச்சுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. உளுத்ததை வெட்டி எறிவார், புதுத் தகட்டைப் பற்றவைப்பார், பிரைமர் அடிப்பார். பற்றவைத்த சூட்டில் உள்பக்கம் கருகியிருக்கும் என்பதால் உள்ளே மெழுகு பீய்ச்சுவார். அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளைத் திறந்தே விடுவார். வேலை முடிந்தது, போ என்பார்.

ஆனால் இது சம்பந்தி கார். எல்லாருக்கும் செய்கிறதைச் சம்பந்திக்கும் செய்தால் ஊர் என்ன சொல்லும்? சம்பந்தி தட்டில் கறி வைக்கிறபோது யாராவது அளவு பார்க்கிறார்களா? ஒரு தகட்டுக்கு இரண்டு தகடு போட்டார். பிரைமர் மேல் பிரைமர் அடித்தார். அதற்கு மேல் அடிப்பக்கம் முழுக்க விரல் கனத்துக்குத் தார்ப்பூச்சு. கடைசியில் அந்தச் சின்ன ஓட்டைகள் கண்ணில் பட்டன. சம்பந்தி காரில் ஓட்டையா? தண்ணீர் உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும், உள்ளேயே போகாதபடி அடைத்துவிட்டால்? இப்படி ஒரு யோசனை உலகத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்று தோன்றியது. தன்னை மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் தேடித் தேடிப் பசை வைத்து அடைத்தார். உள்ளே மெழுகு பீய்ச்சுவதற்கும் வழியில்லாமல் போனது. அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

கல்யாணத்தில் மைக் கைக்கு வந்ததும், பெண்ணை வாழ்த்துகிற நேரத்தில் பாதியைக் காருக்கே கொடுத்தார். அந்தப் படி சம்பந்தியின் ஆயுசுக்கும் மேலே நிற்கும் என்று அவர் சொன்னபோது மண்டபமே கைதட்டியது.

தலாஸில் வரவேற்புக்குக் குறைவில்லை. ஒரோஸாலி வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். உள்ளே நுழைந்ததும் வழக்கப்படி ஜாங்கராச்சுக்கு அங்கி போர்த்தித் தொப்பி வைத்தார்கள். நீல வெல்வெட், மார்பில் பொன்னிற வேலைப்பாடு. நூரிஸா குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பையனுக்கு அப்படியே அவருடைய மூக்கு. ஜாங்கராச் கோபத்தைச் சற்று நேரம் மறந்தார்.

ஜன்னல் வழியே கார் கண்ணில் பட்டதும் நினைவு திரும்பிவிட்டது. கொட்டகையில் நின்றது, மேலே கம்பளி விரிப்புப் போர்த்தி. காருக்குப் போர்வை, என் பெண்ணுக்கு லாரியா? இறைச்சித் தட்டு வந்தது. பெரிய விருந்தாளிக்கு என்று வைக்கிற ஆட்டுத் தலை அவர் முன்னால் வைக்கப்பட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் புருல்ச்சா கண்ணால் எச்சரித்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் அவர் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, கார் சௌக்கியமா? போர்வையெல்லாம் போத்தி வெச்சிருக்கீங்க. குளிருல சளி கிளி புடிச்சுதா?"

ஒரோஸாலியின் தம்பி எசென் தன் தட்டையே உற்றுப் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

"உங்க கை பட்ட வண்டி சம்பந்தி" என்றார் ஒரோஸாலி. "அதுக்கென்ன, தங்கம். கறி இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க."

தங்கமாம். தங்கத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு பெண்ணை மூட்டையோடு மூட்டையாக அனுப்புகிற ஆள்! கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஜாங்கராச் எழுந்தார். அந்தத் தங்கம் எவ்வளவு மினுக்குகிறது என்று பார்த்துவிட்டு வந்து இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்பது அவர் கணக்கு.

விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். படியின் அடிவிளிம்பில் பெயின்ட் பயறு பயறாகக் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போனது. முஷ்டியால் தட்டினார். வெறும் பெட்டி டங்கென்று சொல்ல வேண்டும். இது மந்தமாக, வயிறு நிறைந்தவன் மாதிரிச் சொன்னது. கதவைப் பிடித்து வண்டியை ஆட்டினார். உள்ளே தளக் தளக்கென்று தண்ணீர்.

கண்ணாடி இடுக்கில் இறங்குகிற மழை, பூட்ஸில் ஒட்டி வந்து உருகுகிற உப்புப் பனி எல்லாம் மேலிருந்து உள்ளே போயிருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை. வழியை அடைத்த மகான் இங்கே வெல்வெட் அங்கியில் நின்றுகொண்டிருக்கிறார். ஜாங்கராச், நீ சம்பந்திக்குப் படி செய்யவில்லையடா, இரண்டு தொட்டி செய்து கொடுத்திருக்கிறாய், அதற்கு மைக் வேறு பிடித்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

யோக்கியனாக இருந்தால் அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜாங்கராச்சுக்கு வேறு ஒன்று தோன்றியது. யாரும் பார்ப்பதற்குள் ஓட்டையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடலாம்; அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லிக் காரைப் பட்டறைக்கு வரவழைத்துச் சரி செய்துவிடலாம். வேனிலிருந்து திருப்புளியை எடுத்தார். அங்கியைக் கழற்றினால் வீட்டுக்காரர்களை அவமதித்ததாகுமே என்ற மரியாதை அந்த நேரத்திலும் தவறவில்லை. அங்கியோடும் தொப்பியோடும் காருக்கு அடியில் ஊர்ந்து போனார்.

பசை அடைத்த இடத்தைத் தேடிக் குத்தினார். பசை அசையவில்லை, அவ்வளவு நல்ல வேலை. இன்னும் ஓங்கிக் குத்தினார். பசை அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த தகடு மொத்தமாகப் பிய்ந்து வந்தது. இரண்டு குளிர்காலத்து உப்புத் தண்ணீர், காப்பி நிறத்தில், கழுத்திலும் மார்பிலும் கொட்டி வெல்வெட்டுக்குள் ஓடியது. வாயிலும் கொஞ்சம் போனது.

கண்ணைத் திறந்தபோது காரைச் சுற்றிக் கால்கள் தெரிந்தன. நிறையக் கால்கள்.

"சம்பந்தி" என்றது ஒரோஸாலியின் குரல், தயங்கித் தயங்கி. "சாப்பாடு ஆறுது."

வெளியே இழுத்தார்கள். அங்கியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரோஸாலி அவர் முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையால் அங்கியைத் துடைத்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வேற அங்கி இருக்கு. வாங்க, உள்ள போலாம்."

எசெனால் அடக்க முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "போதும்ணே! அவரே குளிச்சிட்டு வந்துட்டாரு, இன்னும் எதுக்கு மறைக்கிறீங்க?" என்றவர் ஜாங்கராச் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, பிரேக்கப் புடிச்சா உள்ள ஆறு ஓடுற மாதிரி சத்தம். போன வருஷமே இங்க ஒரு பட்டறையில காட்டினோம். அடியில ரெண்டு ஓட்டை போட்டா சரியாயிடும்னான். அண்ணன் விடல."

"எப்படி விடுவேன்?" என்றார் ஒரோஸாலி, மெதுவாக. "சம்பந்தி செஞ்ச வேலை மேல இன்னொருத்தன் கை வெச்சா, அது அவரு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?"

"அப்போ... நூரிஸாவ ஆஸ்பத்திரிக்கு..."

"அன்னிக்குக் கார்லதான் உக்கார வெச்சேன் சம்பந்தி. கதவச் சாத்தினா பூட்டு மாட்டல. படி கீழ எறங்கிப் போச்சு. ரோடு பூரா குழி, புள்ள வலியில துடிக்குது. எனக்குத் தைரியம் வரல. லாரிக்காரன் கால்ல விழாத கொறையாக் கூப்பிட்டேன்."

ஜாங்கராச்சுக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. இத்தனை நாளாக இந்த மனிதரைக் கஞ்சன், கல்நெஞ்சன் என்று வேனில் வருகிறபோதுகூடத் திட்டியிருக்கிறார். பெண்ணை லாரியில் ஏற்றியது வேறு யாருமில்லை, ஜாங்கராச்தான். தண்ணீர் சொட்டுகிற வெல்வெட்டுக்குள் அவருக்கு அழுகை முட்டியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று பெண்ணைக் கேட்டார்.

குழந்தையோடு நின்றிருந்த நூரிஸா சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க சொல்ல விட்டீங்கப்பா? ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும், கார் எப்படிப் போகுது, நான் செஞ்சதாச்சேன்னு நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்குவீங்க. நல்லா ஓடுதுன்னு சொல்லணும்னு மாமா இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு."

"விருந்தாளிக்குக் கிண்ணத்துல பாதி ஊத்துறதுதான் நம்ம ஊர் மரியாதைன்னு இவருக்கு டீயில தெரியுது" என்றாள் புருல்ச்சா பின்னாலிருந்து. "தார்ல மட்டும் தெரியல."

கூட்டம் சிரித்தது. ஜாங்கராச்சும் சிரித்தார், சிரிக்காமல் வேறென்ன செய்வது? பிறகு அங்கியைக் கழற்றிப் புருல்ச்சா கையில் கொடுத்துவிட்டு வேனுக்குப் போய்த் தகடு வெட்டுகிற கிரைண்டரை எடுத்துவந்தார்.

ஒரோஸாலி பதறிப்போனார். "ஐயோ, விருந்து நாள் சம்பந்தி! நீங்க விருந்தாளி. உங்கள வேலை செய்ய விட்டா ஊர்ல என் பேரு என்னாகும்?"

"விருந்தாளியா, சம்பந்தியா இருந்ததாலதான் இந்தக் கதி. கொஞ்ச நேரம் டிங்கரா இருக்க விடுங்க."

வெட்டினார். தார், அதற்குக் கீழே பிரைமர், அதற்குக் கீழே தகடு, அதற்குள்ளே இன்னொரு தகடு என்று சம்பந்தி மரியாதை அடுக்கடுக்காக வெளியே வந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் சேறாகக் குழைந்திருந்த துருவை எசென் விரலால் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஊர் ஆண்கள் குந்தி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஜாங்கராச் ஒன்றையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கெட்டிலில் வெந்நீர் வாங்கி ஊற்றி உப்பை அலசினார். நல்ல தண்ணீர் கீழே ஓடி வருகிற வரைக்கும் விடவில்லை.

"இன்னிக்கு மேல எதுவும் அடிக்கப் போறதில்ல" என்றார் ஒரோஸாலியிடம். "நல்லா காயட்டும். வண்டிய லாரில ஏத்திப் பட்டறைக்குக் கொண்டு போறேன். ஒரே தகடு, உள்ள மெழுகு, அவ்ளோதான்."

ஒரோஸாலி காரைச் சுற்றி வந்து, வெட்டுப்பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து விழுங்கினார். பிறகு கேட்டேவிட்டார்.

"அதுக்கப்புறம் துரு வராதுல்ல சம்பந்தி?"

வாய் வரைக்கும் வந்த பதிலை ஜாங்கராச் கஷ்டப்பட்டு நிறுத்தினார். "வரும். உப்பு ரோட்டுல ஓடுற வண்டி, பத்தவெச்ச எடத்துல வரத்தான் செய்யும். வருஷா வருஷம் ஓட்டையச் சுத்தம் பண்ணி மெழுகு அடிச்சா மெதுவா வரும். வந்தா சொல்லுங்க சம்பந்தி. சத்தம் கேட்டா அன்னிக்கே சொல்லுங்க."

"சொல்லலாமா?"

"சொல்லுங்க."

ஒரோஸாலி திரும்பி மனைவியைப் பார்த்தார், எசெனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படின்னா... இன்னொண்ணு இருக்கு. பின்கதவு. நீங்க பெயின்ட் அடிச்சுக் குடுத்த நாள்லேருந்து அது தொறக்கவே இல்ல."

ஜாங்கராச் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவுக்கு முன்னால் போய் மண்டியிட்டார்.