கீழே போட்டவர் பெயர்

எங்கள் மாலை வகுப்பில் பேனா சுழற்றும் வித்தைகளுக்குப் பெயர் வைக்கிற முறை கேவலமானது. வித்தையைக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பதில்லை. எல்லார் முன்னாலும் அதைச் செய்யப் போய் முதலில் பேனாவைக் கீழே போட்டவர் பெயரை வைப்பார்கள்.

தொடங்கி வைத்தவர் மாது. ஏரியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். நிசார் அகமது சார் போர்டில் வட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது, மாது கட்டைவிரலைச் சுற்றிப் பேனாவை ஒரு சுற்று விட்டார். அது பறந்து போய் சாருடைய டீ கிளாசில் விழுந்தது. அன்றிலிருந்து கட்டைவிரல் சுற்றுக்குப் பெயர் 'மாது'. இரண்டு விரலைத் தாண்டிப் போவது 'சானியா'. அவள் போட்ட பேனா பெஞ்சுக்கு அடியில் போய் இன்னும் கிடைக்கவில்லை. "ரெண்டு மாது போட்டு ஒரு சானியா" என்று இப்போது சர்வ சாதாரணமாகப் பேசுகிறார்கள். குரூப் நாலு தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர்கள் கூடுகிற இடத்தில் வேறு எதற்கு மரியாதை இருக்கும்? நானும் அப்படித் தோற்றவள்தான். அதனால் இப்படி நினைக்க எனக்குத் தகுதி உண்டா என்பது சந்தேகம். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த நிலையில் குரு வந்து சேர்ந்தான். காரிமங்கலத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். பேனா சுழற்றி ரீல்ஸ் போடுகிறவன்.

"வெளிநாட்டுல இதுக்கெல்லாம் ஒரு சிஸ்டம் இருக்குங்க" என்றான் முதல் நாளே. "எந்த விரல்ல கெளம்புது, எங்க போய் நிக்குதுன்னு பாத்துதான் பேரு வைப்பாங்க. இல்லனா கண்டுபிடிச்சவன் பேரு. நீங்க என்னங்க, கீழ போட்டவன் பேர வச்சுக்கிட்டு?"

அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சல். சரியான ஒன்றை அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த நிமிடமே தன் சொந்த வித்தை என்று ஒன்றைக் காட்டி, அதற்கு 'காரிமங்கலம் சைக்ளோன்' என்று பெயர் சொன்னான்.

"இது மாதுவேதான். கைய ஆட்டிக்கிட்டே பண்றான்" என்றாள் சானியா.

"கைதான் சைக்ளோன் போல" என்றார் மாது.

குருவுக்கு உறைக்கவில்லை. ஒரு வீடியோவுக்குப் பலமுறை பேனாவைக் கீழே போட்டு, கடைசியில் ஒன்று சரியாக வந்ததும் அதை மட்டும் போடுகிற ஆளுக்கு எது உறைக்கும்?

எனக்கும் ஒரு வித்தை இருந்தது. பேனா சுண்டுவிரல் இடுக்கில் கிளம்பி, புறங்கை மேல் ஒரு முழுச் சுற்று சுற்றி, கட்டைவிரலைத் தொடாமலே ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் நேரத்தில் பழகினேன். பேனாவின் பின்பக்கமும் ஒரு மூடி மாட்டினால் எடை சமமாகிறது என்று கண்டேன். முதலில் மணிக்கட்டு, பிறகு விரல்கள் என்று பிரித்துப் பிரித்துப் பழகியதில், ஒரு கட்டத்துக்குப் பிறகு அது விழுவதே இல்லை.

கடை என்றால் அண்ணன் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். போர்டில் 'அயான் ஜெராக்ஸ்' என்று இருக்கும். அயான் அண்ணன் மகன், மூன்றாம் வகுப்பு. திறப்பது, மூடுவது, டோனர் மாற்றுவது, சிக்கின பேப்பரை உருவுவது எல்லாம் நான். ஆனால் வருகிறவர்களுக்கு நான் அயான் அக்கா. வகுப்பில் எல்லோரும் என்னிடம்தான் கேள்வித்தாள் நகல் எடுப்பார்கள் என்பதால் அங்கேயும் அதுதான். உண்மையில் நான் அவனுக்கு அத்தை. ஆனால் ஒரு சின்னப் பையனுக்கு அக்காவாக இருப்பதைத் தவிர நான் வேறு எதுவும் இல்லை என்பது போல. அதனால் அந்த வித்தைக்காவது 'அன்ஜும்' என்று என் பெயர் வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பேனா சுற்றுக்கு ஆசைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வேண்டும்.

வழி ஒன்றுதான். வகுப்பில் செய்து காட்டிக் கீழே போட வேண்டும். எனவே கீழே போடுவதையும் பழகினேன். அதுதான் கஷ்டம். வேண்டுமென்றே போட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. நடுவிரலைச் சற்று மடக்கினால் இயல்பாக நழுவும் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தேன்.

வியாழக்கிழமை சார் வரத் தாமதமானது. "புதுசா ஒண்ணு பண்றேன்" என்று எழுந்தேன். எல்லோரும் திரும்பினார்கள். குரு போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அயான் அக்காவா!" மாது பெஞ்சைத் தட்டினார். "உழுந்துச்சுன்னா இதுக்குப் பேரு அயான். இப்பவே சொல்லிட்டேன்."

"அயான்! அயான்!" என்று எல்லோரும் பெஞ்சைத் தட்டினார்கள்.

என் பெயர் அன்ஜும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். பெயரைக் கேட்டு வாங்குவதா என்று வாய் வரவில்லை. அதற்குள் பேனா கிளம்பிவிட்டது. புறங்கையில் சுற்றி வந்தது. நடுவிரலை மடக்க வேண்டிய இடமும் வந்தது. மடக்கினால் இது அயான். கடை போர்டில் இருக்கிற அதே பெயர் என் கைக்கும் ஏறிவிடும்.

மடக்கவில்லை. பேனா வந்து நின்றது.

பெஞ்சுச் சத்தம் அடங்கியது. "சே, உழலயே" என்றாள் சானியா. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"குடுங்க்கா, ஈசிதான் இது" என்று குரு பேனாவை வாங்கினான். போனை மாதுவிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னான். ஒரு சுற்றுகூட முடியவில்லை. பேனா அவன் கன்னத்தில் அடித்துவிட்டுத் தரைக்குப் போனது.

"குரு! குரு!" வகுப்பே எழுந்து நின்றது.

"யோவ், வேணாம்யா, அது நான் கண்டுபிடிச்சதே இல்லய்யா!" என்று கெஞ்சினான். அவன் மறுக்க மறுக்கப் பெயர் உறுதியானது. எனக்குக் கிடைக்காததை, அது தனக்கு வேண்டாம் என்று கத்துகிறவனுக்குக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை கடைக்கு வந்தான். நகல் எடுக்க எதுவும் கொண்டுவரவில்லை.

"அக்கா, எங்க போனாலும் 'ஒரு குரு போட்டுக் காட்டு'ங்குறாங்க. எனக்கே வர மாட்டேங்குது. அசிங்கமா இருக்கு. சொல்லிக் குடுங்க்கா."

"என் பேரு தெரியுமா உனக்கு?"

அவன் தலையைத் தூக்கி போர்டைப் பார்த்தான். அதுவாக இருக்காது என்பது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். "அயான்... அக்காதானே?"

பேனாவை எடுத்தேன். மெதுவாக, பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். சுண்டுவிரல், புறங்கை, எல்லாம் சரியாக. கடைசியில் மட்டும், "இங்க கட்டைவிரல்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போவணும். அதுதான் முக்கியம்" என்றேன்.

"அதான் விட்டுட்டனா! சூப்பர்க்கா. தேங்க்ஸ் அயான் அக்கா" என்று போனான். வருடக்கணக்கில் தட்டிக்கொண்டிருக்கட்டும்.

அவன் தெருமுனை தாண்டியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. தட்டினாலும் ஒருவேளை வந்துவிடுமோ? தெரியாமல் அவனுக்கு இன்னும் நல்ல வித்தையைக் கற்றுக் கொடுத்துவிட்டேனோ? சொன்னபடியே செய்து பார்த்தேன். சுண்டுவிரல், புறங்கை, கட்டைவிரலில் ஒரு தட்டு.

பேனா கல்லாப்பெட்டியில் மோதிக் கீழே விழுந்தது. நான் எதுவும் நடிக்கவில்லை, தானாகவே விழுந்தது.

வாசலைப் பார்த்தேன். பெயர் வைக்கக் கடையில் யாரும் இல்லை.